பூஜ்யமும் கோடும்

மாலை 5.40 லோக்கல் ரயில். ஆகுர்டியில் ஏறிய இருவர் என் எதிரே அமர்ந்து தமிழில் பேசினார்கள். கழுத்தில் எரிவாயு நிறுவனத்தின் அட்டை. மூத்தவரான பெண்ணின் மடியில் மீத்தேன் கசிவு அறிக்கை இருந்தது. கசிவை அளந்து வந்தவர் பக்கத்தில் இருந்த ஆண்.

"ஏழாம் வால்வுக்கு எதுக்குக்கா பூஜ்யம் போட்டீங்க?"

"நீதானே சேகர் காலியா விட்டிருந்தே."

"அந்த வால்வு இருக்கற ரூம் பூட்டியிருந்துச்சு, அளக்கவே இல்ல. பூஜ்யம்னா அளந்து பார்த்தோம், கசிவு இல்லன்னு அர்த்தம். அளக்காததுக்குக் கோடுதான்."

"அரே பாபா, பூஜ்யம்னா ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம். சரி, விடு."

அந்தப் பெண் பூஜ்யத்தை அடித்துவிட்டுக் கோடு போட்டார்.

"சென்னைக்குப் போனாளே உன் பொண்ணு, பேசறாளா?"

"அவ அம்மாவோட போனவதான். என்மேல பாசம் பூஜ்யம்க்கா."

"நீ போன் பண்ணினியா?"

"இல்ல. எடுக்கமாட்டா."

"அப்ப அது பூஜ்யம் இல்லடா. கோடு."

சேகர் சிரித்தார். பிறகு போனை எடுத்து மகளின் பெயரைத் தேடி வைத்துக்கொண்டார்.

காசர்வாடி, தாபோடி, கட்கி கடந்தன. சிவாஜிநகரில் அவர் இறங்கும்போதும் போன் கையில்தான் இருந்தது. திரை அணைந்திருந்தது.