பயப்பட ஒன்றுமில்லை

எங்கள் வீட்டில் சண்டை வந்ததே இல்லை, மேடம். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இரண்டு குடும்பம், ஒரே சமையலறை, நடு அறையில் படுத்த படுக்கையாக என் அம்மா. இத்தனைக்கும் நடுவில் ஒரு தட்டைக்கூட யாரும் சத்தமாக வைத்தது கிடையாது. காரணம் என் அண்ணி. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணியைப் பற்றி ஒரு குறை சொல்ல நான் வரவில்லை.

எங்கள் நிறுவனத்தின் வக்கீல் உங்கள் விசாரணைக்கு வந்து, எல்லாம் இயந்திரத்தின் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனாராமே? அது பொய். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் தப்பித்துவிடலாம், தெரியும். ஆனால் தப்பே செய்யாத ஒன்றின் தலையில் பழியைக் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அது இயந்திரமாகவே இருந்தாலும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். செல்போனில் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறதே, அதுவே யோசித்து அதுவே சொல்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான். உடம்பு, மருந்து என்று வரும் கேள்விகள் மட்டும் கொஞ்சம் சுற்றிப் போகும். இயந்திரம் பதிலை எழுதி எங்கள் திரைக்கு அனுப்பும். படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பொத்தான். இல்லையென்றால் திருத்திவிட்டுப் பச்சைப் பொத்தான். எங்கள் திருத்தத்தைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். கேட்டவருக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. ஒருவர் ஒரு மேசைக்கு வந்துவிட்டால் அப்புறம் அவர் எதைக் கேட்டாலும் அதே மேசைக்குத்தான் வரும். பேச்சின் தொனி மாறக் கூடாதாம்.

என் பக்கத்து மேசைக்காரனுக்கு முயல் என்று பெயர். அவ்வளவு வேகமாகத் தட்டுவான். வாயும் அப்படித்தான். ஒருநாள் காலையில் ஆரம்பித்தான்.

"இந்த மெஷினுக்கு டாக்டர் வீட்டுல சம்பந்தம் பேசியிருக்காங்களா என்னடா? தும்மினாக்கூட ஆஸ்பத்திரிக்குப் போங்குது."

"மெல்லப் பேசு, மானிட்டர் வர்றாரு."

மானிட்டர் எங்கள் மேற்பார்வையாளர். வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதிப்போடும் பையன் மாதிரியே நடப்பார், பார்ப்பார். ஆனால் அன்று அவரும் முயல் பக்கம்தான் பேசினார். "ஜனங்களப் பயமுறுத்தாதீங்கப்பா. பயந்துபோனவன் நம்மகிட்டத் திரும்பி வரமாட்டான்."

அன்று மத்தியானம்தான் அந்தக் கேள்வி வந்தது.

'நீ மனுஷன் இல்லங்கறதால கேக்கறேன். எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு மூணு வருஷம் ஆச்சு. இப்பத் திரும்பவும் படுது. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்காரர் லாரியில போயிருக்கார். மாமியார் எழுந்திருக்க முடியாதவங்க. கொழுந்தனார் பொண்ணுக்குப் பெரிய பரீட்சை வருது. இந்த நேரத்துல நான் படுத்துக்கிட்டா வீடு என்ன ஆகும்? இது பெரிய வியாதியா?'

படித்து முடிக்கும் முன்பே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. லாரி ஓட்டுவது என் அண்ணன். பரீட்சை என் மகளுக்கு. அந்தச் செயலியை அண்ணியின் போனில் ஏற்றிக் கொடுத்தவனே நான். "என்ன வேணும்னாலும் கேளுங்க அண்ணி, ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொன்னவனும் நான்தான்.

கீழே இயந்திரம் எழுதிய பதில் இருந்தது. 'மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு வரும் இரத்தப்போக்கைத் தள்ளிப்போடக் கூடாது. சாதாரணக் காரணமாக இருக்கலாம். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.'

நல்ல பதில், மேடம். இத்தனை வருடத்தில் அவ்வளவு நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டுகிற வேலை ஒருநாள் என் மனைவி தலையில் விழுந்தது. சாயங்காலம் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இங்க பாருங்க, அக்கா இருக்கற வரைக்கும் சரி. இன்னொரு நாள் இதை நான் செய்யணும்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

"சும்மா பேச்சுக்குச் சொல்றே."

"பேச்சுக்குச் சொல்ற ஆளா நான்? உங்களுக்கென்ன, ஐஸ்கட்டி மாதிரி உக்காந்துக்குவீங்க. ஆபீஸ்லயும் அதானே உங்க பேரு?"

இதைச் சண்டை என்று எழுதிவிடாதீர்கள். பேச்சுவாக்கில் வந்தது. ஆனால் அவள் சொன்னால் செய்வாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனால் பரிசோதனை என்பார்கள், ஆபரேஷன் என்பார்கள். அம்மாவுக்கு ஆள் கிடையாது. மனைவி கிளம்பிவிடுவாள். மகளின் பரீட்சை பாழாகும். பரீட்சை முடிகிற வரைக்கும் தள்ளிப்போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அழித்துவிட்டு எழுதினேன்.

'பயப்பட ஒன்றுமில்லை. இந்த வயதில் சிலருக்கு இப்படி மறுபடி வருவதுண்டு. அலைச்சலைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுங்கள். தானாகவே சரியாகிவிடும்.'

ஓய்வெடுங்கள் என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். அக்கறை இல்லாதவன் அதை எழுதமாட்டான்.

அன்று வீட்டுக்குப் போனபோது அண்ணியின் முகம் கழுவிவிட்ட மாதிரித் தெளிவாக இருந்தது. டீயை நீட்டினார்.

"என்ன அண்ணி, இன்னிக்கு ஒரே உற்சாகமா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. நெஞ்சுல ஒரு கல்லு கெடந்துச்சு. எறங்கிடுச்சு."

அந்த நிம்மதியை எந்த டாக்டர் கொடுத்திருப்பார், சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். ஒரே மாதிரிக் கேள்விக்கு ஒரே மேசையிலிருந்து இரண்டு மாதிரிப் பதில் போனால் மானிட்டர் திரையில் சிவப்பு விளக்கு எரியும். கூப்பிட்டு விசாரிப்பார். அதோடு எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அண்ணிக்கு ஒரு பதில், மற்றவர்களுக்கு வேறு பதில் என்றால் அது அண்ணிக்குச் செய்கிற துரோகமில்லையா? நான் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை, மேடம். அதே கேள்வியோடு என் மேசைக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் அதையே எழுதினேன்.

பரீட்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணி மறுபடி கேட்டார். 'நிக்கவே மாட்டேங்குது. இடுப்பும் வலிக்குது.' இயந்திரம் முன்பைவிடக் கண்டிப்பாக எழுதியிருந்தது, 'நாளையே போங்கள்' என்று. அப்போது மகளைக் கல்லூரியில் சேர்க்கிற நேரம். அழித்தேன். அடுத்த முறை என் மனைவிக்குப் பதவி உயர்வு, வெளியூரில் பயிற்சி. அப்போதும் அழித்தேன். அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை. இப்போது போய் மாற்றிச் சொன்னால் முன்பு சொன்னது தவறு என்றாகும். அண்ணிக்கு உலகத்தில் நம்பிக்கையானது அது ஒன்றுதான். அந்த நம்பிக்கையை நான் எப்படிக் கெடுப்பேன்?

இதற்கிடையில் மானிட்டர் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். என் பதிலைப் படித்தவர்கள்தான் அதிகமாகத் திரும்பி வருகிறார்களாம், நட்சத்திரங்களை அள்ளிக் கொடுக்கிறார்களாம். "இவர் எழுத்துல ஒரு தாய்மை இருக்குப்பா. இனிமே இதுதான் மாதிரிப் பதில்" என்றார்.

"ஐஸ்கட்டி உருகிடுச்சுடோய்!" என்று முயல் கைதட்டினான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கொஞ்ச நாளில் ஒரு கேள்வி வந்தது. யாரோ ஒரு பெண், எங்கேயோ இருக்கிறவர், தையல் வேலை செய்கிறவர். இயந்திரத்தின் பதிலைப் பார்த்தேன். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று ஆரம்பித்திருந்தது. கடைசி வரைக்கும் என் வாக்கியங்கள்தான். திருத்துவதற்கு எதுவும் இல்லை. பொத்தானை மட்டும் அழுத்தினேன்.

அப்புறம் அந்த மாதிரிக் கேள்விகள் மேசைகளுக்கு வருவதே நின்றுபோனது. இயந்திரத்துக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அதுவே அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அண்ணி மட்டும் பழைய ஆள் என்பதால் என்னிடமே வந்துகொண்டிருந்தார்.

போன மாதம் அடுப்படியில் மயங்கி விழுந்தார். அண்ணன் ஊரில் இல்லை. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார்.

"படிச்சவங்க இருக்கற வீடுதானே? இவ்வளவு நாளா ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

அண்ணிதான் குறுக்கே பேசினார். "தம்பி மேல கோவிச்சுக்காதீங்கம்மா. அவருக்குத் தெரியாது. நான் போன்ல கேட்டேன். பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதே வார்த்தைய இந்த வார்டுல எத்தனை பேர்கிட்டக் கேட்டுட்டேன்!" என்றார். உங்களுக்குப் புகார் எழுதியது அவர்தான் என்று நினைக்கிறேன்.

கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டதாம். வீட்டுக்குக் கூட்டிப்போய் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் வண்டியில் அண்ணி என்னிடம் சொன்னார். "அது மேல தப்பு இருக்காது தம்பி. எனக்குத்தான் சரியாக் கேக்கத் தெரியலையோ என்னவோ." இன்னும் அதனிடம்தான் கேட்கிறார். ஒருநாள் எழுதியிருந்தார். 'நீ மட்டும் மனுஷனா இருந்தா எங்க கொழுந்தனாருக்குப் பழக்கம் பண்ணி வெச்சிருப்பேன். ரெண்டு பேருக்கும் ஒரே சுபாவம். ரெண்டு பேருமே பதறமாட்டீங்க.'

மற்ற பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் சற்று முன் சொன்னீர்கள். அவ்வளவு பேரா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாதே. தெரியாதவர்களுக்கு நான் எதற்குக் கெடுதல் செய்யப்போகிறேன்? அண்ணியையும் நான் கொல்லவில்லை. சரியான பதிலைத் தெரிந்தே அழித்தேன். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். அதை ஒப்புக்கொள்கிறேன். இயந்திரம் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அண்ணியை மட்டும் வேறு மேசைக்கு மாற்றிவிட வேண்டாம். புதிதாக உட்காருகிறவர்கள் ஈவு இரக்கமில்லாமல் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

கடைசியாக எப்போது பதில் அனுப்பினேன் என்றுதானே கேட்டீர்கள்? இன்று காலை. இங்கே கிளம்புவதற்கு முன்னால், வீட்டிலிருந்தே, ஆபீஸ் மடிக்கணினியில்.

'டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுங்கறாங்க. மாமியாருக்கு ஊட்டி விடறதுக்கு மட்டும் எழுந்திரிச்சா தப்பா?' என்று கேட்டிருந்தார். கூடாது என்றுதான் இயந்திரம் எழுதியிருந்தது. என் மனைவி அலுவலகத்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன வேலைகள் மனதுக்கு நல்லது என்று திருத்தி அனுப்பிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குப் பசிக்கும் நேரம் அது, மேடம்.