தினம் ஒரு கரண்டி

அவர்: ...லைட்டை இப்படிச் சாய்ச்சுப் பிடி. என் மூஞ்சில அடிச்சா இஞ்சினை எப்படிப் பாக்குறது?

நான்: மூஞ்சில கிரீஸ் இருக்கான்னு பாத்தேன்.

அவர்: இருக்கா?

நான்: கிரீஸ்தான் இருக்கு. மூஞ்சி அங்கங்க தெரியுது.

அவர்: சிரி, சிரி. வண்டி ஓடட்டும். பின்னாடி உக்கார நீ என்கிட்டதான் வந்து நிக்கணும்.

நான்: ஓடும்போது பாக்கலாம். எவரோ கோழிக் கொட்டகையில போட்டு வெச்சிருந்த பைக். தொட்ட இடமெல்லாம் துரு கையோட வருது. நேத்து கிக்கர் மேல ஏறிக் குதிச்சீங்களே, அசைஞ்சுதா?

அவர்: பிஸ்டன் பிடிச்சுக்கிட்டிருக்கு. மழைத்தண்ணி உள்ள இறங்கியிருக்கு. அடிச்சு எடுத்தா உடைஞ்சிடும். இதைக் கெஞ்சித்தான் எடுக்கணும்.

நான்: என்கிட்ட ஒரு நாளாவது கெஞ்சியிருக்கீங்களா?

அவர்: நீ துரு பிடிக்கலையே... இங்க பாரு. இது பிளக்கைக் கழட்டின ஓட்டை. நான் வர்ற வரைக்கும் இதுல தினம் ஒரு கரண்டி எண்ணெய் ஊத்தி, துணியால அடைச்சிடணும். ஒரு நாள் தானா விட்டுக் கொடுக்கும்.

நான்: யார் ஊத்துறது?

அவர்: நீதான்.

நான்: ஆசையப் பாரு. காலைல பஸ்ஸைப் பிடிக்கவே எனக்கு மூச்சு வாங்குது. கண்டிப்பா மறந்துடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

அவர்: சரி விடு, வேற ஆள் வெச்சுக்கிறேன். மறக்காத ஆளு. உனக்கு வேற வேலை இருக்கு. ஹெட்லைட் மேல அந்த மீட்டர்ல ஒரு முள்ளு தெரியுதா? கிளப்பும்போது நான் கிக்கரை மெதுவா இறக்கிட்டே வருவேன். முள் நடுவுக்கு வர்ற இடத்துல ஓங்கி ஒரு உதை. முள்ளைப் பாத்து 'நடு'ன்னு சொல்ல வேண்டியது நீ.

நான்: இதுக்குத்தான் எங்கப்பா என்னை எம்.காம். படிக்க வெச்சாரா?

அவர்: எம்.காம். படிச்சவங்கதான் கணக்கா சொல்லுவாங்க... ஐயோ, நேரமாச்சு. கிளம்பறேன். லிஃப்ட் மாட்டுற வேலை, நாலஞ்சு நாள் ஆகும். லைட்டை அந்த ஆணியில மாட்டிடு.

நான்: சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா?

அவர்: எடுத்தாச்சு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.

*

தம்பி: அண்ணி, லைட்டு எங்க?

நான்: அந்த ஆணியில பாருங்க தம்பி.

தம்பி: அண்ணன் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் அதே ஆணியிலயா?

நான்: மாட்டிடுன்னு சொல்லிட்டு வேலைக்குப் போனாரு. மாட்டினேன். போன இடத்துல நெஞ்சு வலின்னு படுத்தவரை ஆம்புலன்ஸ்லதான் கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் லைட்டை யார் எடுக்கப் போறா?

தம்பி: ...சரி அண்ணி. இப்ப நான் எடுக்கிறேன்.

நான்: எடுங்க, எடுங்க. இன்னிக்கு விட்டா வேற நாள் இல்ல. விடிஞ்சா வீடு காலி பண்ணணும்.

தம்பி: கிளம்பிடுச்சுன்னா புது வீட்டுக்கு நானே ஓட்டிட்டு வந்துடுவேன். கிளம்பலேன்னா...

நான்: தெரியும். பழைய இரும்புக்காரர் வண்டியோட வாசல்ல நிப்பாரு. உங்க அக்காதான் சொல்லி வெச்சிருக்காங்களே. ஓடாத வண்டியை எந்த வீட்டுல கொண்டு போய் வெப்பேன்னு கேட்டாங்க.

தம்பி: மெதுவாப் பேசுங்க. அம்மா எந்திரிச்சிடப் போறாங்க.

நான்: சாப்பிட்டுப் படுத்தாச்சு. அவங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?

தம்பி: ஷெட்டை ஒழிக்கிறோம்னுதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்படி என்னடா ஒழிக்கிறீங்க, உள்ள ஊரே இருக்கான்னு கேக்குறாங்க.

நான்: நான் பரண்ல எலின்னு சொல்லி வெச்சிருக்கேன்.

தம்பி: ஷெட்டுல ஏது அண்ணி பரண்?

நான்: அவங்க இந்தப் பக்கமே வர்றதில்லையே, அவங்களுக்கு எப்படித் தெரியும்? காரியத்துக்கு வந்தவங்க எல்லாரும் கிளம்பின அன்னிக்கே, அந்த வண்டியை எவரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பாத்தாத் தாங்க மாட்டாங்க தம்பி. கிளம்பட்டும், அப்புறம் சேந்து திட்டு வாங்கிக்கலாம்.

தம்பி: சக்கரம் புதுசு, ஒயர் புதுசு, கார்புரேட்டரைக் குழந்தைக்குக் காது சுத்தம் பண்ற மாதிரி பண்ணியாச்சு. எல்லாம் பண்ணோம்... கிக்கரை மட்டும் நீங்களும் தொடல, நானும் தொடல.

நான்: பயமா இருந்துச்சு.

தம்பி: எனக்கும்தான். நம்ம மெக்கானிக் என்ன சொன்னாரு தெரியுமா? இவ்வளவு நாள் சும்மா கிடந்த பிஸ்டன் வெல்டிங் வெச்ச மாதிரி இருக்கும், அறுத்துத்தான் எடுக்கணும்னாரு. உங்ககிட்ட நான் சொல்லல.

நான்: என்கிட்டயும் சொன்னாரு. உங்ககிட்ட நான் சொல்லல.

தம்பி: நல்ல கூட்டு நம்மளுது... சரி, முதல்ல பழைய ஆயிலை வடிச்சிடுவோம். தட்டை இப்படித் தள்ளுங்க. போல்ட்டைத் திறக்கிறேன்... அட, நிக்க மாட்டேங்குதே. தட்டு நிரம்பிடுச்சு, இன்னொன்னு, இன்னொன்னு.

நான்: வாளியை வைங்க. இவ்வளவு ஆயிலா ஒரு இஞ்சினுக்கு?

தம்பி: இதுல பாதி கூடப் பிடிக்காது அண்ணி. நிறத்தையும் பாருங்க, மஞ்சளா... ஆயில்னா கறுப்பாத்தானே வரணும்? அண்ணன் என்னத்தை ஊத்தி வெச்சாரோ.

நான்: தரை கூட இந்த இடத்துல மட்டும் வழுக்குது. போன வாரம் விழத் தெரிஞ்சேன்.

தம்பி: சரி, பிளக் ஓட்டைத் துணியை எடுங்க.

நான்: ...தம்பி, இந்தத் துணி ஈரமா இருக்கு.

தம்பி: எண்ணெய் காயாது, விடுங்க. அப்படித் தள்ளி நில்லுங்க. கிக்கரை மிதிக்கப் போறேன். அசையலேன்னா அழக் கூடாது.

நான்: நீங்க அழாம இருந்தா சரி.

தம்பி: வைக்கிறேன் கால... அண்ணி.

நான்: என்ன? அசையலையா?

தம்பி: அண்ணி, கால் உள்ள போகுது. வெண்ணெய்ல போற மாதிரி போகுது. இருங்க, இன்னொரு தடவை...

நான்: ஐயோ, ஓட்டையிலேர்ந்து எண்ணெய் பீச்சுது! சட்டை!

தம்பி: வாய்க்குள்ளயும் போயிடுச்சு. போகட்டும், போகட்டும்... சுத்துது அண்ணி. பிஸ்டன் சுத்தமா விட்டிருக்கு. யார் கெஞ்சினா இதுகிட்ட?

நான்: நான் இல்ல. மறந்துடுவேன்னு சொன்னேன், மறந்துட்டேன்... பிளக்கை நீங்களே மாட்டுங்க தம்பி.

தம்பி: மாட்டியாச்சு. புது ஆயில் ஊத்தியாச்சு. பெட்ரோல் திறந்தாச்சு. சாவி போடுங்க. முள் ஆடுதா?

நான்: ஆடுது. நகருங்க, முள்ளைப் பாக்குறது என் வேலை.

தம்பி: உங்க வேலையா?

நான்: அப்படித்தான் பேச்சு. நீங்க மெதுவா இறக்கிட்டு வாங்க... இன்னும் கொஞ்சம்... நடு.

தம்பி: ...ம்ஹூம். ஒரு இருமல்தான் இருமுது.

நான்: அவசரப்பட்டு மிதிச்சுட்டீங்க. திரும்ப. இறக்குங்க... இறக்குங்க...

தம்பி: பிடிச்சுது, விட்டுடுச்சு. முட்டில ஒரு அடியும் குடுத்துடுச்சு.

நான்: அடி வாங்கினா என்ன, உயிர் இருக்குதே அதுக்கு. இன்னொரு தடவை. நான் சொல்ற வரைக்கும் மிதிக்காதீங்க. இறக்குங்க... பொறுங்க... பொறுங்க... நடு.

தம்பி: அண்ணீ!

நான்: என்ன சொல்றீங்க, கேக்கல!

தம்பி: ஓடுதுன்னு சொன்னேன்!

நான்: அது கேக்குது! ஆக்சிலேட்டரை விட்டுடாதீங்க, அப்படியே பிடிங்க... நாளைக்கு அந்த இரும்புக்காரர் வெறும் வண்டியைத்தான் ஓட்டிட்டுப் போகணும்!

தம்பி: எவ்வளவு புகை... அண்ணி, அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏதாவது வெச்சுட்டு வந்துட்டீங்களா? ஏதோ பொரிக்கிற வாசனை.

நான்: அடுப்பை எப்பவோ அணைச்சாச்சு. வாசனை... தம்பி, இந்தப் புகையிலேர்ந்துதான் வருது.

அத்தை: துணியை யாருடா எடுத்தது?

தம்பி: ...அம்மா. தூங்கலையா நீங்க?

அத்தை: இந்தச் சத்தத்துலயா? நிறுத்தாத, நிறுத்தாத. ஓடட்டும்.

நான்: அத்தை, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாம நாங்க...

அத்தை: ஷெட்டு ஒழிக்கிறவங்க துணியிலயா இவ்வளவு கிரீஸ் இருக்கும்? துவைக்கிறது நான்தானே. பரண்ல எலியாம்.

நான்: அப்ப இந்தத் துணி... நீங்களா அடைச்சு வெச்சீங்க?

அத்தை: நீ பஸ்ஸுக்குப் போனதும் தினம் வருவேன். அவன் கிளம்பும்போது என்கிட்டதான் சொல்லிட்டுப் போனான். தினம் ஒரு கரண்டிம்மா, வேற யாரையும் தொட விடாதீங்கன்னான். இவங்க தொட்டா அடிச்சு உடைச்சிடுவாங்கன்னான்.

தம்பி: என்ன எண்ணெய்ம்மா ஊத்தினீங்க?

அத்தை: என்ன எண்ணெயா? வீட்டுல இருக்கற எண்ணெய்தான். அடுப்புப் பக்கத்துல இருக்குமே.

தம்பி: அது இஞ்சின் ஆயில்மா அண்ணன் சொன்னது. நான் இப்ப வாயில வாங்கினது சமையல் எண்ணெயா?

அத்தை: நல்ல எண்ணெய்தான், ஒண்ணும் ஆகாது உனக்கு.

நான்: அத்தை, அளவு குறையுதுன்னு கடைக்காரர்கிட்ட மாசா மாசம் சண்டை போட்டேனே. கடையையே மாத்தினேனே.

அத்தை: தெரியும். நானும் பக்கத்துலதானே நின்னேன்.

தம்பி: சிரிக்கிறீங்களா அண்ணி, அழறீங்களா?

நான்: நீங்க ஆக்சிலேட்டரைப் பாருங்க... அத்தை, இனிமே ஊத்த வேணாம். ஓடிடுச்சு பாருங்க. அதான் விட்டுக் கொடுத்துடுச்சே.

அத்தை: இன்னிக்கும் ஊத்திட்டேனே.

தம்பி: நாளையிலேர்ந்து வேணாம்மா. ஓடுற இஞ்சினுக்குள்ள இந்த எண்ணெய் போனா கெட்டுடும்.

அத்தை: அப்ப அதுல வேணாம். புது வீட்டுல வேற எதுல ஊத்துறதுன்னு சொல்லு. இந்தச் சங்கிலியில ஊத்தலாமா?

நான்: சங்கிலிக்கு ஊத்தலாம். ஆனா இனிமே எதுக்கு அத்தை?

அத்தை: நான் வர்ற வரைக்கும்னு சொல்லிட்டுப் போனான்மா. போதும்னு சொல்லலையே.