சர்ச் மேடும் பழைய காரின் ஏர்கோனும்

பிள்ளைகளே, நேற்று கிளேபாங் கடற்கரையில் உங்களுக்குக் கோக்கனட் ஷேக் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவரும், அவருடைய பழங்காலத்துக் காரைக் குளிர்விக்கும் ஏர்கோனைப் பழுது பார்த்த இளைஞரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கல்யாணப் பொண்ணுக்கு வேர்க்கக் கூடாது தம்பி. ஏர்கோன் இருந்தாத்தான் என் காடியில சர்ச்சுக்கு வருவேன்னு மக சொல்லிட்டா.”

“கம்ப்ரசர் மாத்திட்டேன் அங்கிள், ஜில்லுன்னு இருக்கு. ஆனா சின்ன இஞ்சின்லா. சர்ச் மேட்டுல ஏர்கோனை அடைச்சு நிறுத்திடணும், இல்லாட்டி ஏறாது.”

“அடைச்சா மேக்கப் எல்லாம் ஒழுகிடுமே! நாளைக்கு நீதானே ஓட்டுற? மேட்டுக்குக் கீழேயே நான் இறங்கிக்கிறேன். பாரம் குறைஞ்சா ஏறுமா?”

“ஏறும். ஆனா பொண்ணு கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போறது நீங்கதானே?”

பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

“நீ மெதுவா ஏத்துலா. நான் வேகமா நடக்கிறேன்.”