எலுமிச்சைத் தண்ணீர்

படகுப் பயணத்துக்கு வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டாம் நாள் காலை போதும். முதல் நாள் எல்லோருமே நல்லவர்கள்தான். புதுத் தொப்பி, புதுச் செருப்பு, எதைச் சொன்னாலும் சிரிப்பு. ஓர் இரவு மணலில் படுத்து எழுந்த பிறகுதான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறவர் யார், யாராவது கழுவட்டும் என்று வைத்துவிட்டுப் போகிறவர் யார் என்று தெரியும். இருபத்தாறு வருஷமாக கிரீன் ஆற்றில் ஆட்களைக் கூட்டிப் போகிறேன். இந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். அப்படியே சொல்கிறேன், மேடம்.

ஜூலை மாதம் ஒமாஹாவிலிருந்து வந்த தம்பதி அவர்கள். டுவைட்டுக்கு எழுபது வயது. வீடுகளுக்கு நீச்சல்குளம் கட்டி விற்றவர். மனைவி காரின் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேறு யாரும் அந்தப் பயணத்துக்குப் பதிவு செய்யவில்லை. ஒரு படகில் அவர்கள் இருவரும், இன்னொன்றில் நானும் சாமான்களும். மினரல் பாட்டத்தில் இறங்கி, ஸ்டில்வாட்டர் பள்ளத்தாக்கு வழியாக, கொலராடோ ஆறு வந்து சேரும் இடம் வரை ஐம்பத்திரண்டு மைல். ஏழு நாள் பயணம். ஏழாம் நாள் இயந்திரப் படகு வந்து எங்களை எங்கள் ஊரான மோவாபுக்கு ஏற்றிச் செல்லும். அதுவரை சாலை கிடையாது, தொலைபேசி கிடையாது. என் மேல்சட்டையில் மாட்டியிருக்கும் செயற்கைக்கோள் கருவி ஒன்றுதான் வெளியுலகத்துக்கு வழி. அதன் அவசரப் பொத்தானை அமுக்கினால் ஹெலிகாப்டர் வரும்.

பள்ளத்தாக்கில் மனிதன் கழிப்பது எதுவும் அங்கே தங்கக் கூடாது. எல்லாவற்றையும் இறுக மூடும் இரும்புப் பெட்டியில் கொண்டுவந்துவிட வேண்டும். அந்தக் காலத்துப் பெட்டிக்கு இருக்கை கிடையாது. உட்கார்ந்து எழுந்தால் தொடையில் இரண்டு வரி விழும். அதனால் எங்களுக்கு அது வரிப்பெட்டி. மோவாபில் அதைத் திறந்து கழுவுவதும் என் வேலைதான். அருவருப்பாக இருக்காதா என்று கேட்பார்கள். இருந்ததில்லை. பெட்டிக்குள் இருக்கும்வரை அது ஒரு சுமை, அவ்வளவுதான். பெட்டிக்கு வெளியே கிடந்தால்தான் எனக்குக் குமட்டும்.

டுவைட் முதல் நாளிலிருந்தே எனக்குக் குமட்டலைத் தந்தார். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தொலியை மணலில் துப்புவார். நான் மாவு பிசையும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார். ஈரத்தாளால் அக்குளைத் துடைத்துப் புதரில் செருகிவைப்பார். நான் பின்னாலேயே போய் எடுப்பேன்.

"விடுங்க கேப்டன். மழை வந்தா எல்லாம் போயிடும்."

"இங்க வருஷத்துக்கு எட்டு அங்குலம்தான் மழை சார்."

"அப்ப எட்டு தடவை கழுவிக்கும்," என்று சொல்லிச் சிரித்தார். காரின் அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். "வாயை மூடுங்க. அவர் எடுக்கிறாரு பாருங்க, வெக்கமா இல்ல?" என்று சொல்லி, தானே குனிந்து மிச்சத் தொலிகளைப் பொறுக்கினார். ஒன்றுவிடாமல் பொறுக்கினார். இவருக்கு எப்படி இந்த மனிதர் வாய்த்தார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அவர்களை ஒரு பாறைக் குடைவுக்கு ஏற்றிப் போனேன். ஆற்றிலிருந்து இருபது நிமிட ஏற்றம். உள்ளே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சிறிய தானியக் குதிர் ஒன்று இருக்கிறது. எழுநூறு, எண்ணூறு வருஷம் ஆகியிருக்கும். பூசியவரின் விரல் தடங்கள் இன்னும் அந்த மண்ணில் இருக்கின்றன. சின்னக் கை. பெண்ணாக இருக்கலாம். நான் எல்லோரையும் அங்கே கூட்டிப் போவதில்லை. காரினுக்காகத்தான் போனேன். அவர் குதிரின் முன்னால் மண்டியிட்டு, தொடாமல், அந்தத் தடங்களுக்கு நேராகத் தன் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

டுவைட் எங்களுக்குப் பின்னால் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தார். இறங்கும்போது அவசரமாக முன்னால் போனார். என் தண்ணீர்ப் பையை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் திரும்பி ஏறினேன். உண்மையில் வாடை வந்துதான் ஏறினேன்.

குதிரின் பின்சுவரை ஒட்டி, நிழலில், அது இருந்தது. மேலே ஈரத்தாள் இரண்டு. தண்ணீராகப் போயிருந்தது. சுவரின் அடிமண் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் சிறு கரண்டியால் மண்ணோடு சுரண்டி இரட்டைப் பையில் எடுத்தேன். கரண்டி போகாத இடத்தில் கையால் எடுத்தேன். அரைமணி நேரம் ஆனது. இரண்டு முறை வெளியே வந்து வாந்தி எடுத்து, அதையும் அள்ளிப் பையில் போட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் டுவைட் பீன்ஸை வழித்துத் தின்றுகொண்டே கேட்டார்: "அந்தக் குதிரு கட்டின ஜனங்க எதுக்கு ஊரை விட்டுப் போனாங்க கேப்டன்?"

"தெரியாது சார். தண்ணி இல்லாம இருக்கலாம்."

"இல்ல, உங்கள மாதிரி ஒருத்தர் வந்து எல்லாத்துக்கும் சட்டம் பேசியிருப்பாரு. தொல்லை தாங்காம ஓடியிருப்பாங்க."

நானும் சிரித்தேன். அவர் உதட்டில் பீன்ஸ் தோல் ஒட்டியிருந்தது. அந்த வாய் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது.

காலையில் எல்லோருடைய குப்பிகளிலும் தண்ணீர் நிரப்புவது என் பொறுப்பு. டுவைட்டுடையது நீலக் குப்பி. அதில் எலுமிச்சைப் பொடி போட்டுக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் அவருக்கு இறங்காது. நான்காம் நாள் காலை அந்தப் பையில் இருந்ததில் கொஞ்சம் நீலக் குப்பிக்குப் போனது. அரைத் தேக்கரண்டி இருக்கும். பொடியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். மீதியைப் பெட்டியில் சேர்த்துவிட்டேன். கைகளை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் விட்டுவந்ததை அவரிடமே சேர்த்தேன். ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்திருப்பார், பெட்டியின் அருமை தெரியும் என்று நினைத்தேன்.

அன்று மதியம் ஒரு மணல்திட்டில் நிறுத்தினோம். நூற்றேழு டிகிரி வெயில். நான் பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன். காரினின் குப்பி காலியாகிவிட்டது. என்னிடம் கேட்க எழுந்தவரை டுவைட் நிறுத்தினார்.

"அவரு வேலையா இருக்காரு. இந்தா, என்னோடதக் குடி. இன்னிக்கு ரொம்ப இனிப்பாப் போட்டுட்டாரு, எனக்கு வேண்டாம்."

அவர் அதிலிருந்து இரண்டு மடக்குதான் குடித்திருந்தார். காரின் வாங்கி அண்ணாந்து குடித்தார். அவர் என்னிடமிருந்து ஆறடி தூரத்தில் இருந்தார். அது வேண்டாம் அம்மா, என்னிடம் வேறு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் காரணம்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கட்டியை நறுக்கி முடித்தேன். துண்டுகளை ஒரே அளவில் நறுக்குவது என் பழக்கம். அவர் முக்கால் குப்பியைக் குடித்துவிட்டு, "நல்லாதானே இருக்கு," என்றார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் காரினுக்கு வயிறு போக ஆரம்பித்தது. டுவைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவருடைய நோய்க்கிருமி அவரையே மறுபடி அவ்வளவாகப் படுத்தாது என்று நீங்கள் இப்போது கூப்பிட்டுக் கேட்ட மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது.

ஆம், காரினுக்குச் சிறுநீரகம் ஒன்றுதான் என்பது தெரியும். இன்னொன்றைத் தன் தம்பிக்குக் கொடுத்திருந்தார். பயணத்துக்கு முன் நிரப்பும் படிவத்தில் எழுதியிருந்தார். படிவங்களை நான் ஒழுங்காகப் படிப்பேன்.

எட்டு மணிக்குள் அவரால் நிற்க முடியவில்லை. டுவைட் என்னிடம் ஓடிவந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"பொத்தானை அமுக்குங்க லாமார். அவளுக்கு ஒரு கிட்னிதான். தண்ணி வத்தினாத் தாங்க மாட்டா."

"இங்க பாறைச் சுவரு ரெண்டு பக்கமும் நெருங்கி நிக்குது சார். செயற்கைக்கோளுக்கு நாம தெரிய மாட்டோம்."

"அப்ப கீழ போவோம்."

"வெயில்ல படகுல போட்டா இன்னும் மோசமாயிடும். சாயந்தரம் பாக்கலாம். இது இந்த ஆத்துல சகஜம். நாளைக்கு எழுந்து உக்காருவாங்க."

அதே மணலில் நின்று அன்று காலைதான் நான் அந்தக் கருவியில் வானிலைச் செய்தி வாங்கியிருந்தேன். ஹெலிகாப்டர் வந்தால் மருத்துவர் வருவார். மருத்துவர் வந்தால் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கேட்பார், குப்பிகளை எடுத்துப் போவார். நீலக் குப்பியைக் குளோரினில் மூன்று முறை கழுவி வெயிலில் காயவைக்க எனக்கு அந்தப் பகல் தேவைப்பட்டது. சாயங்காலம் ஆனதும், காலையில் பார்க்கலாம் என்றேன்.

நான் அவரை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். உப்பும் சர்க்கரையும் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். எதுவும் தங்கவில்லை. பெட்டியில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முப்பது அடி தூரம்கூட இல்லை. நானும் டுவைட்டும் இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுபோவோம். ஒருமுறை போய்ச் சேருவதற்குள் என் கால்மேலேயே ஆகிவிட்டது.

"மன்னிச்சிடுங்க லாமார்," என்று அழுதார். "உங்களுக்கு எவ்ளோ அசிங்கம்."

"ஒண்ணுமில்லம்மா," என்றேன். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

டுவைட் தன் சட்டையைக் கழற்றி அவரைத் துடைத்தார். கால், தொடை, விரல் இடுக்கு எல்லாம் துடைத்தார். முகம் சுளிக்கவில்லை. பிறகு ஆற்றங்கரையில் குந்தி அந்தச் சட்டையை அலசினார். நான் போய், ஆற்றில் அலசக் கூடாது சார், வாளியில் அலசி இருநூறு அடி தள்ளி ஊற்றுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். பயணத்தில் முதல் தடவையாகச் சொன்னதைக் கேட்டார்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குப் பொத்தானை அமுக்கினேன். அதற்குள் காரினுக்கு யார் எவர் என்று தெரியவில்லை. என்னைத் தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதினொன்றுக்கு மூச்சு நின்றது. நாற்பது நிமிடம் கழித்து ஹெலிகாப்டர் வந்தது. அந்த மணல் முழுக்கப் புழுதி பறந்தது.

டுவைட் எதற்காகக் குதிர் பக்கம் போனார் என்று கேட்டீர்கள். பெட்டிக்கு வர முடியாமல் போனதற்கு ஏதாவது காரணம் இருந்திருக்குமா என்று. இருந்தது. அந்த மூன்றாம் நாள் காலை நான் காபி போடும்போது காரின் தனியாக வந்து சொன்னார்.

"அவர்கிட்ட நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க. மோவாபுல சாப்பிட்டது அவருக்கு ஒத்துக்கல. ரெண்டு நாளா வயிறு போயிட்டிருக்கு. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஜோக்கடிச்சே சமாளிக்கிறாரு. பகல்லயும் பெட்டி கைக்கெட்டுற மாதிரி இருந்தா நல்லாயிருக்கும்."

சரி என்றேன். ஆனால் பெட்டியை அடியில் வைத்து அதன்மேல் சாமான் கட்டினால்தான் என் படகு சமமாக நிற்கும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் கட்டுகிறேன். அன்றும் அப்படியே கட்டினேன். பகலில் வேண்டுமென்றால் சிறிய கழிவுப் பைகள் கொடுப்பது வழக்கம். அதையும் அன்று கொடுக்கவில்லை. அடக்கப் பழகட்டும் என்று நினைத்தேன். வயிறு போகிறது என்பது சாக்கு. குதிர் இருந்த இடத்தைத் தாண்டி இன்னும் நாற்பதடி நடந்திருக்கலாம்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. எங்கள் முதலாளி மார்லீன் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தார். டுவைட் ஒமாஹாவிலிருந்து கடிதம் எழுதினார். இதோ, உங்கள் மேஜைமேல் இருப்பது அதுதான். தன் வயிற்று நோய் காரினுக்குத் தொற்றிவிட்டது என்று நம்புகிறார். கையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டேன், என் குப்பியைக் கொடுத்தேன், நான்தான் அவளைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் பெற்ற மகன்போல அவளைத் தூக்கிச் சுமந்தீர்கள் என்று எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். நான்கு பக்கமும் கோணல் கையெழுத்து, நடுவில் ஏதோ கறை. நான் கையுறை போட்டுக்கொண்டுதான் படித்தேன்.

அவர் கொல்லவில்லை. நீலக் குப்பியில் கலந்தது நான். காரின் அதைக் குடிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தது நான். இருபத்தாறு மணிநேரம் பொத்தானைத் தொடாமல் இருந்ததும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வழக்கறிஞர் வேண்டாம்.

இதற்காக மட்டும் நான் உங்கள் காவல் நிலையத்துக்கு அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வரவில்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். செப்டம்பரில் மறுபடி வருகிறாராம். காரின் இறந்த அந்த மணல்திட்டில் அவருடைய சாம்பலைத் தூவ வேண்டுமாம். நான்தான் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பொறுப்பான பூங்கா அலுவலகத்தில் அனுமதி கேட்டு மனுவும் போட்டுவிட்டார். உங்கள் பேச்சை அவர்கள் கேட்பார்கள். தயவுசெய்து இன்றே கூப்பிட்டு, அனுமதி கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மேடம். சாம்பல் மணலில் விழுந்துவிட்டால், என்னாலும் அதைப் பொறுக்கி எடுக்க முடியாது.