வெள்ளைக் குழாய், நீலக் குழாய்

கடல் மீன் வளர்ப்பவனைப் பார்த்து எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "உப்புத் தண்ணிதானே, எதுவா இருந்தா என்ன?" என்பதுதான். நேற்று நீங்களும் அதையே கேட்டீர்கள், ஐயா. எனக்குக் கோபமில்லை. உப்பை நாம் பிறகுதான் அளந்து கலக்கிறோம். அதற்கு முன் தண்ணீரில் எதுவுமே இருக்கக் கூடாது. பேனா அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் முக்கினால், அதில் கரைந்து கிடப்பதை எண்ணாகக் காட்டும். என் மீன்களுக்கு அது சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் குழாயில் எண்ணூறு காட்டியது.

நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளன். கேன் தண்ணீர் வாங்கி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மழைத் தண்ணீர் பிடித்தேன். மொட்டை மாடிப் புறாக்கள் அதைக் கெடுத்தன. பக்கத்து வீட்டு ஏ.சி.யில் சொட்டுவதை, அவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வாளியில் பிடித்தேன். அதில் செம்பு கலந்திருந்தது போலும். என் இரண்டு இறால்களும் ஒரே காலையில் மல்லாந்து கிடந்தன. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. உயிர் என்று வந்துவிட்டால் சின்னது பெரியது பார்க்கிறவன் அல்ல நான்.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் எங்களோடு வந்து தங்கினார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் பழுது. உப்பைக் குறைத்து, சுத்திகரித்த தண்ணீரை அளவாகக் குடித்தால் இன்னும் பத்து வருடம் வண்டி ஓடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மச்சான் மறுநாளே ஒரு சுத்திகரிப்பு மெஷினை வாங்கி வந்து எங்கள் சமையலறையில் மாட்டினார்.

மெஷினுக்குப் பின்னால் இரண்டு குழாய்கள். வெள்ளைக் குழாயில் நல்ல தண்ணீர் வரும். அதிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்த கழிவு நீலக் குழாயில் போகும். ஒரு குடம் நல்லதுக்கு மூன்று குடம் கழிவு. தண்ணீர் ஒரு வேளை மட்டுமே வருகிற வீட்டில் அது சாக்கடைக்குப் போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பால்கனியில் ஒரு டிரம் வைத்து, நீலக் குழாயை அதற்குள் விட்டேன். மீனுக்கு ஆகும் என்று வீட்டில் சொன்னேன். மீனுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. போனில் அவள் அக்காவிடம் சொன்னாள்: "சாக்கடைக்குப் போற தண்ணியக்கூட விடமாட்டாருக்கா. மீனுக்குப் புடிச்சு வெச்சிடுறாரு. என்ன மனுஷனோ போ."

அதே வாரம் குழாய்களை மாற்றி மாட்டினேன். ஐந்து நிமிட வேலை. வெள்ளை டிரம்முக்கு, நீலம் சமையலறைக்கு. தண்ணீர் துளிகூட வீணாகவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். சமையலறையில் முன்பைவிட மூன்று மடங்கு வந்தது. "மெஷின் இப்பதான் நல்லா பழகியிருக்கு மாப்ள" என்று மாமனாரே பாராட்டினார். அவர் தம்ளரில் மீட்டரை முக்கிப் பார்த்தேன். ஆயிரத்து எழுபது. பார்வைக்கு என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மனைவியும் அதையேதான் குடித்தாள். அவளுக்குத் திடகாத்திரமான உடம்பு. நான் பள்ளியிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்துவிடுவேன். அது என் பழைய பழக்கம், இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

தொட்டியில் பவளங்கள் விரியத் தொடங்கின. மாமனாருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், பெரியவர் ஒளித்து ஒளித்து எதையோ தின்கிறார் என்று சொல்லிவிட்டார். மனைவி தலையணையை உதறினாள், சட்டைப் பைகளைத் துழாவினாள், கட்டிலுக்கடியில் சிப்ஸ் பாக்கெட் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அவள் சந்தேகம் இன்னும் வலுத்தது.

"இவ்வளவு சாமர்த்தியமா ஒளிக்க எங்க கத்துக்கிட்டீங்கப்பா?"

"சத்தியமா இல்லம்மா. நீ போடுறதத்தான் சாப்பிடுறேன். நீ குடுக்குற தண்ணியத்தான் குடிக்கிறேன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்களாவது நம்புங்க."

"நான் நம்புறேன் மாமா" என்றேன்.

அதில் துளிப் பொய்யில்லை. அந்த வீட்டில் அவரை முழுமனதாக நம்பியவன் நான் ஒருவன்தான்.

அடுத்த முறை டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கேட்டார். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பாட்டிலை முறைப்படி மூன்று தடவை அலசினேன். டிரம்மிலிருந்து நிரப்பினேன். முடிவு பிரமாதமாக வந்தது. இவ்வளவு சுத்தமான தண்ணீரைத் தான் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர். எனக்கு ஒரு கணம் தலைகால் புரியவில்லை. என் உழைப்பை ஒரு படித்த மனிதர் மெச்சியது அதுவே முதல் தடவை. சொன்ன அளவு தண்ணீரைத் தவறாமல் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மாலைத் தம்ளரை தினமும் நானே கொடுத்தேன். வாங்கும்போதெல்லாம் என் கையை ஒரு தட்டு தட்டுவார். பாசமான மனிதர்.

குழாய்களைத் திருப்பி மாட்டிவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. ஆனால் அந்த வாரம்தான் கோமாளி மீன் முட்டையிட்டிருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் மாறினால் முட்டை அத்தனையும் பாழ். பொரிய எட்டு நாள் ஆகும். ஒன்பதாம் நாள் மாற்றுவது என்று காலண்டரில் வட்டம்கூடப் போட்டுவைத்தேன். அதை உங்கள் ஆட்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள். மாமனார் ஆறாம் நாளே போய்விட்டார். எதிலும் அவருக்கு அவசரம்தான். பேருந்தையும் அப்படித்தான் ஓட்டியிருப்பார்.

வருட சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் மெஷினை நகர்த்திப் பார்த்துவிட்டு, "யாரும்மா குழாய மாத்திப் போட்டது? கழிவுல்ல உள்ள வருது. இதையா குடிச்சீங்க?" என்று கேட்டான். மனைவி என் மேசையிலிருந்து மீட்டரை எடுத்து வந்து ஒரு தம்ளரில் முக்கினாள், பிறகு டிரம்மில் முக்கினாள். அதைப் படிக்கக் கற்றுக் கொடுத்தவன் நான்தான். பிறகு உங்களை அழைத்தாள்.

மச்சான் பொருத்தும்போதே தப்பாக மாட்டியிருப்பார் என்று நான் சொல்லியிருக்கலாம். அடுத்தவர் தலையில் பழியைக் கட்டுவது என் வளர்ப்பில் இல்லை. குழாயை மாற்றியவன் நான். அவர் என்ன குடிக்கிறார் என்று நாள்தோறும் தெரிந்தே கொடுத்தவனும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. டிரம்மில் இருப்பது இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்ததும் மனைவி ஆத்திரத்தில் சமையலறைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடுவாளோ என்று எனக்கு ராத்தூக்கம் இல்லை. யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வாயில்லாத ஜீவன்கள் அவை. அந்தத் தண்ணீரில் எந்த உயிரும் நாலு மாதம் தாங்காது. நான் கூடவே இருந்து பார்த்தவன்.