தெருவைப் பார்க்காத வீடு

– தெருப்பக்கம் ஜன்னலே வேணாம் மச்சான். வெறும் செவுரு. அவ்ளோதான்.

– பிளான்ல அப்பிடித்தான் மாமா போட்டிருக்கேன். நடுவுல தொறந்த முத்தம். வெளிச்சம், காத்து எல்லாம் மேலேருந்தே எறங்கிடும். எட்டு மணி நேரம் கரண்ட்டு போனாலும் வூடு குளுகுளுன்னு இருக்கும்.

– கேட்டியா லோகா? உன் தம்பி இன்ஜினியருக்குப் படிச்சது வீண் போவல.

– ஏங்க, அடுப்பாங்கரையிலயாச்சும் ஒரு ஜன்னல் வையிங்களேன். பக்கத்து வூட்டு மனுசங்க மூஞ்சியப் பாத்த மாதிரி இருக்கும்.

– ஜன்னல் வெச்சா வெயிலு வரும், தூசி வரும், ஊர்ப் பேச்சும் வரும். மஞ்சக்குப்பத்துல மனை கெடைச்சதே பெருசு. அமைதியா இருக்கப் போறோம். அவ்ளோதான்.

– டிவிக்கு எடம்?

– எதுக்கு? சாமான் ஜாஸ்தியானா மனசு கெட்டுடும். ஒரு கட்டிலு, ரெண்டு நாற்காலி போதும். மச்சான், பின்பக்கம் கதவு ஒண்ணு இருந்துச்சே?

– எடுத்துட்டேன் மாமா.

– சபாஷ். இரு, சிப்காட்டுலேருந்து போன் வருது. பேசிட்டு வரேன்.

– கொளஞ்சி... போயிட்டாராடா?

– வாசல்ல நிக்கிறாரு. என்னாக்கா?

– அந்தப் பின்கதவ மட்டும் திரும்பப் போட்டுடுடா. உன் கால்ல வுழறேன். ஷிப்ட்டுக்குப் போறப்பல்லாம் என்னய உள்ள வெச்சு வெளியில பூட்டிட்டுப் போறாரு. இங்க பாரு, கையில சூடு வெச்சத. அன்னிக்கு இந்த வாடகை வூட்டு ஜன்னல்லேருந்து கத்துனேன். எதுத்த வூட்டு ரத்தினம்மா ஓடியாந்து பூட்ட ஒடைக்கலன்னா, நான் காட்டுமன்னார்கோயிலுக்கு, நம்ம வூட்டுக்கு வந்தே இருக்க முடியாது.

– தெரியும்க்கா. நான்தான உன்னத் திரும்பக் கொண்டாந்து வுட்டேன்.

– தெரிஞ்சுமாடா இப்பிடி வரைஞ்ச?

– மெதுவாப் பேசு. தையில அவரு தங்கச்சிய நான் கட்டிக்கப் போறேன். நீ மறுபடி ஓடியாந்தா அந்தக் கல்யாணம் நின்னுடும்.

– அதுக்காவ? அந்தாளு சொல்றதுக்கெல்லாம் தலைய ஆட்டுவியா? என் கூடப் பொறந்தவன்டா நீ!

– மாமா மொதல்ல தெருப்பக்கம் ரெண்டு ஜன்னல் கேட்டாருக்கா. நான்தான் வேணாம்னு சொன்னேன்.