பாலர் வகுப்பில் ஒரு ஜெபம்

பெற்றவர் எழுதிக் கொடுத்தால் பிள்ளையை வேதப்பாடத்திலிருந்து விலக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது என்பது மிஷன் பள்ளியின் விதி. எழுதிக் கொடுத்த துறைமுகத் தொழிலாளி ஒருவன் ராயபுரம் டிராமில் கூட்டாளியிடம் புலம்பிக்கொண்டு வந்தான்.

"நாலு வயசுப் பொண்ணு தோஸ்து. கண்ண மூடிகினு, 'எங்கப்பா அம்மாவ அடிக்கக் கூடாது சாமி'ன்னு வகுப்புல சத்தமா ஜெபம் பண்ணுது. டீச்சரம்மா என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குது."

"அடிக்காம வுட்டா ஜெபம் தன்னால நின்னுடும் மாமு."

"அது எங்க வூட்டு விசயம். சாமிக்கு இன்னாத்துக்கு?"

இரண்டு மாதம் கழித்து அதே டிராமில் அதே இருவர். விதியையும் மீறி, விலக்கக் காரணம் என்ன என்று கேட்டுப் பள்ளியிலிருந்து பதில் வந்திருந்ததாம்.

"எப்ப வந்துச்சு?"

"பொண்ணத் தூக்கிகினு அவ எண்ணூர் தாய்வூட்டுக்குப் போன மறுநாள்."